சேல்ஸ் ஹெட்டுக்கும் அவருக்குக் கீழே இருக்கும் பெண்ணுக்கும் தொடர்பு: எம்.டி. நான் என்ன செய்வது?

கேள்வி, 2025 செப்டம்பர் 6

கோயம்புத்தூர் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. முந்நூறு பேர் வேலை செய்கிறார்கள், நான் எம்.டி. சேல்ஸ் பார்க்கும் வைஸ் பிரசிடென்ட் கல்யாணமானவர், இரண்டு பிள்ளைகள். அவருக்குக் கீழே வேலை செய்யும் டெபுடி மேனேஜர் பெண்ணோடு தொடர்பு என்று கம்பெனி டிரைவர் வாயிலிருந்து தெரிந்தது. விசாரித்தால் ஆலை முழுக்கத் தெரிந்திருக்கிறது, கடைசியாகத் தெரிந்தவன் நான்தான். விற்பனையில் பாதி அவர் கையில். பெண்ணைச் சென்னை ஆபீசுக்கு மாற்றிவிட்டு இவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொன்னால் போதும் என்று தோன்றுகிறது. தனிப்பட்ட விஷயம், நமக்கெதற்கு என்கிறார் ஆடிட்டர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில், செப்டம்பர் 6, இரவு

பெண்ணை மாற்றாதீர்கள். மீதியை நாளை எழுதுகிறேன். காலையில் முதல் வேலையாக அந்த டிரான்ஸ்பர் ஆர்டரை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

செப்டம்பர் 7

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் நேரம் இருக்கிறது. ஹெச்.ஆரில் ஆரம்பித்து ஒரு ஆலையின் நிர்வாகம் வரை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், இந்த மாதிரி விவகாரம் என் மேஜைக்கும் வந்திருக்கிறது.

ஆடிட்டர் சொன்னதில் பாதி சரி. வயது வந்த இருவர் விரும்பிப் பழகுவது குற்றம் இல்லை. பிறன்மனை உறவைத் தண்டித்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது. அதனால் "போலீசுக்குப் போங்கள்" என்று மேலே எழுதியிருப்பவர் தயவுசெய்து அடங்கவும். அந்தப் பிரிவு உயிரோடு இருந்த காலத்திலும்கூட ஏமாற்றப்பட்ட மனைவி அதில் புகார் கொடுக்க முடியாது, உறவில் இருந்த பெண்ணின் கணவன்தான் கொடுக்க முடியும். விவாகரத்துக்கு இது இன்றைக்கும் ஒரு காரணம்தான், ஆனால் அது அவர்கள் வீட்டுப் பாடு, உங்கள் ஆபீஸ் பாடு அல்ல.

ஆனால் ஆடிட்டருக்குத் தெரியாத மீதிப் பாதி ஒன்று உண்டு. அந்தப் பெண்ணின் அப்ரைசல் யார் கையெழுத்தில் போகிறது? இன்கிரிமென்ட், டூர் பில், லீவு? எல்லாம் அந்த மனிதரே என்றால், அவளுக்கு இதில் விருப்பம் இருக்கிறதா இல்லையா என்று அவளாலேயே தெளிவாகச் சொல்ல முடியாத நிலை. நாளைக்கு அவள் விலக நினைத்தால் சம்பளத்தைப் பணயம் வைத்துத்தான் விலக வேண்டும். அவள் நிஜமாகவே திறமைசாலியாக இருந்து முன்னேறினாலும் பக்கத்து சீட்டுக்காரர்கள் அதை நம்பப் போவதில்லை. இவ்வளவும் கம்பெனி விஷயம்தானே?

எனவே முதலில் வெட்ட வேண்டியது அந்தக் கையெழுத்தை. விசாரணை, தண்டனை எல்லாம் அப்புறம். நாளையிலிருந்து அவள் சம்பந்தப்பட்ட எந்தக் காகிதமும் அவர் மேஜைக்குப் போகக் கூடாது, நேரே உங்களிடமோ வேறொரு சீனியரிடமோ வரட்டும். அவள் உட்காரும் இடம், பதவி, பார்க்கும் டீலர்கள், எதுவும் மாறக் கூடாது.

செப்டம்பர் 7, மாலை

"பெண்ணை மாற்றுவதில் என்ன தப்பு, அவளுக்கும் நல்லதுதானே" என்று கேட்டவருக்கு.

நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) பிளான்ட் ஹெட்டுக்கும் குவாலிட்டியில் இருந்த ஒரு பெண்ணுக்கும் இப்படித்தான். அப்போதைய முதலாளி இரவோடு இரவாக அவளைப் புனேவுக்கு மாற்றினார். "பொண்ணுக்குத்தான் கெட்ட பேர்" என்பது அவர் சொன்ன காரணம். அவள் கொஞ்ச நாளில் வேலையை விட்டுப் போனாள். பிளான்ட் ஹெட் அதே நாற்காலியில் இருந்தார். முதலாளி பிரச்சினை தீர்ந்தது என்று திருப்பதிக்கே போய்வந்தார்.

தீரவில்லை. பர்ச்சேஸில் ஒருவன் இருந்தான். கெஸ்ட் ஹவுஸ் ரிஜிஸ்டர் ஒரு காலத்தில் அவன் பொறுப்பில் இருந்ததால் விஷயம் முழுக்க அவனுக்குத் தெரியும். அவன் மிரட்டவே இல்லை, மிரட்டத் தேவையும் இருக்கவில்லை. அவன் கொண்டுவரும் ரேட்டுக்கு பிளான்ட் ஹெட் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். காற்றுக்குமிழி விழுந்த காஸ்டிங்கை எல்லாம் "டீவியேஷன்" (விதிவிலக்கு) போட்டு உள்ளே எடுத்தார். அதற்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் லாரியைத் திருப்பி அனுப்பிய மனிதர் அவர். ரகசியம் வைத்திருக்கும் அதிகாரியால், அது தெரிந்த எவனுக்கும் "முடியாது" என்று சொல்ல முடிவதில்லை. கம்பெனிக்கு நஷ்டம் வந்தது அந்த வழியாக. காதலால் அல்ல.

உங்கள் கேள்வியில் "ஆலை முழுக்கத் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த வரிதான். அப்படியானால் சேல்ஸில் எத்தனை பேருக்கு அவர் இப்போது கட்டுப்பட்டவர்? எந்த டீலருக்குக் கூடுதல் டிஸ்கவுண்ட் போயிருக்கிறது, யாருடைய டூர் பில் கேள்வி கேட்காமல் பாஸ் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். டிரைவர் உங்களிடம் வந்து சொன்னாரே, ஏன் இப்போது சொன்னார் என்பதையும் யோசியுங்கள்.

செப்டம்பர் 9

எல்லோரும் நெஸ்லே, நெஸ்லே என்கிறீர்கள். சரி, அதையே எடுத்துக்கொள்வோம். இந்த மாதம் 1ஆம் தேதி தலைமை அதிகாரி லொரான் ஃப்ரெக்ஸை அனுப்பிவிட்டார்கள். தனக்குக் கீழே இருந்தவரோடு இருந்த உறவைத் தெரிவிக்கவில்லை என்பது காரணம். கிட்டத்தட்ட 40 வருடம் அங்கேயே வேலை செய்தவர், தலைமைப் பதவியில் ஒரே ஒரு வருடம். முதல் உள் விசாரணையில் எதுவும் நிரூபணமாகவில்லை. புகார் வந்துகொண்டே இருந்ததால் வெளி வக்கீலை வைத்து மறுபடி விசாரித்தார்கள், அதில்தான் வந்தது. பணமுடிப்பு எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

பி.பி. எண்ணெய்க் கம்பெனியின் தலைமை அதிகாரி பெர்னார்ட் லூனி கதையும் ஏறக்குறைய அதே. 2022இல் போர்டு கேட்டது, பழைய உறவுகள் சிலவற்றைச் சொன்னார், அவ்வளவுதான் என்று உறுதியும் கொடுத்தார். அடுத்த வருடம் செப்டம்பரில் மேலும் புகார் வந்தபோது முழுசாகச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டு விலகினார். போர்டை வேண்டுமென்றே தவறாக நம்பவைத்தார் என்று டிசம்பரில் அறிவித்தார்கள், அவர் இழந்தது 3.24 கோடி பவுண்டு வரை.

நம் பக்கத்து பெங்களூரிலும் ஆபீஸ் வைத்திருந்த ஐகேட் கம்பெனி 2013 மே மாதம் தலைமை அதிகாரி பனீஷ் மூர்த்தியை நீக்கியதை ஐ.டி.காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாலியல் தொல்லைக் கொள்கையை மீறியதாக விசாரணையில் எதுவும் வரவில்லை, கீழே வேலை செய்தவரோடு இருந்த உறவைத் தெரிவிக்காததுதான் மீறல் என்றது கம்பெனி.

மூன்றிலும் வேலை போனது மறைத்ததற்காக. உங்கள் ஆளிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் அதை ஒட்டியே இருக்க வேண்டும். "என்னய்யா இது அசிங்கம், பிள்ளைகள் இருக்கிறதே" என்று ஆரம்பித்தால் அவர் அழுவார், நீங்கள் சமாதானப்படுத்துவீர்கள், கூட்டம் முடிந்துவிடும். இரண்டே விஷயம் கேளுங்கள். உங்களுக்கு ரிப்போர்ட் செய்யும் யாரோடாவது தனிப்பட்ட உறவு இருக்கிறதா, இருந்தால் எப்போதிலிருந்து? அந்தக் காலத்தில் அவருக்காக என்னென்ன கையெழுத்துப் போட்டீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அறையில் மூன்றாவதாக ஒருவர் இருக்கட்டும். படுக்கையறை விவரம் ஒன்றுகூட வேண்டாம், அவராகச் சொல்ல வந்தாலும் நிறுத்துங்கள்.

செப்டம்பர் 10

"அவர் விற்பனையில் பாதி, அவரைப் போக்கினால் கம்பெனி என்ன ஆவது, பேசாமல் நல்ல தொகை கொடுத்து கௌரவமாக அனுப்பிவிடலாமே" என்று ஒருவர். மெக்டொனால்ட்ஸ் செய்தது அதுதான். ஊழியர் ஒருவரோடு இருந்த உறவுக்காக 2019 நவம்பரில் தலைமை அதிகாரி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக்கை "காரணமின்றி நீக்கம்" என்ற வகையில் பணத்தோடு அனுப்பினார்கள். அவசர விசாரணை, அவருடைய போனைத்தான் பார்த்தார்கள். போனில் அழித்தது கம்பெனி சர்வரில் அப்படியே கிடந்தது. அடுத்த வருடம் மொட்டைக் கடிதம் வந்து தேடினால் வேறு ஊழியர்களோடும் உறவு, அதில் ஒருவருக்கு லட்சக்கணக்கான டாலர் மதிப்புள்ள பங்கு ஒதுக்கீட்டுக்கு இவரே ஒப்புதல். வழக்குப் போட்டு 2021 டிசம்பரில் 10.5 கோடி டாலருக்கு மேல் திரும்ப வாங்கினார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அவருக்கு 4 லட்சம் டாலர் அபராதமும், ஐந்து வருடம் எந்தப் பட்டியலிட்ட கம்பெனியிலும் அதிகாரியாகவோ இயக்குநராகவோ இருக்கத் தடையும் போட்டது.

ஆகவே முதலில் காகிதம், அப்புறம்தான் பேரம். இரண்டு வருடத்து அப்ரைசல், இன்கிரிமென்ட், டூர் பில், கெஸ்ட் ஹவுஸ் ரிஜிஸ்டர். கம்பெனி மெயிலைப் பார்க்கலாம். அவர்களுடைய சொந்த வாட்ஸப்பில் கை வைக்காதீர்கள், டிரைவரை உளவுக்கு அனுப்பாதீர்கள். டிரைவர் ருசி கண்டுவிட்டால் நாளைக்கு உங்களையும் சேர்த்துத்தான் கணக்கெடுப்பார்.

செப்டம்பர் 12

ஐசி, அதாவது உள்ளகப் புகார்க் குழு, பற்றிக் கேட்டிருந்தார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி அது இருந்தே ஆக வேண்டும். தலைவர் அந்த நிறுவனத்திலேயே மூத்த பதவியில் உள்ள பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். ஆனால் இந்த விவகாரத்தை எடுத்து நீங்களாக ஐசியிடம் தள்ளாதீர்கள். புகார் அந்தப் பெண் எழுத்தில் கொடுக்க வேண்டும், சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள், காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணைக் காலத்தில் இடமாற்றம்கூட அவள் எழுதிக் கேட்டால்தான். விரும்பிப் பழகிய இருவரைக் கூப்பிட்டு ஐசி விசாரிப்பது பஞ்சாயத்துதானே தவிர சட்டம் இல்லை.

அவளிடம் யாராவது பேச வேண்டும், அது நீங்கள் வேண்டாம். மூத்த பெண் ஒருவர் தனியாகப் பேசட்டும். இதில் உனக்கு விருப்பம்தானா, இல்லையென்றால் புகார் எங்கே கொடுக்கலாம், கொடுக்காவிட்டாலும் உன் வேலைக்கு ஆபத்தில்லை என்பதைச் சொல்லிவிட்டு வந்தால் போதும். அன்றைக்கே பதிலை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று உட்கார வேண்டாம்.

கொஞ்சம் சிரிக்க: ஜூலையில் பாஸ்டன் பக்கம் கோல்ட்ப்ளே பாட்டுக் கச்சேரியின் பெரிய திரையில் கட்டிப்பிடித்தபடி மாட்டிய, ஒரே கம்பெனியைச் சேர்ந்த அந்த ஜோடியில் ஒருவர் தலைமை அதிகாரி, இன்னொருவர் ஹெச்.ஆர். தலைவி. அந்தக் கம்பெனி ஊழியர் யாராவது அதற்கு முன்னால் புகார் கொடுக்க நினைத்திருந்தால் எந்த அறைக் கதவைத் தட்டியிருப்பார்?

செப்டம்பர் 13

"உறவு இருந்தால் இருவரும் ஹெச்.ஆருக்கு எழுதித் தர வேண்டும் என்று பாலிசி போட்டுவிடுங்கள், அமெரிக்காவில் அப்படித்தான்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நானும் ஒரு காலத்தில் அந்த மாதிரி படிவம் ஒன்றை வெளிநாட்டுத் தாய்க் கம்பெனியிலிருந்து அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லப்பட்டவன். "உறவு தொடங்கிய தேதி" என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் ஸ்டோர்ஸ் மேனேஜர், கல்யாணமாகி முப்பது வருடமானவர், அதில் என்ன எழுதுவது என்று வந்து நின்றார்.

விளையாட்டு இருக்கட்டும். நம் ஊரில் அந்தப் படிவம் ஆபத்து. கல்யாணமாகாத இரண்டு பேர், வேறு வேறு சாதி, ஆபீசில் பழகுகிறார்கள், இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்று வையுங்கள். அந்தக் காகிதம் ஹெச்.ஆர். கிளார்க் கையில் போய், அவன் ஊர்க்காரன் யாரிடமாவது சொல்லி, பெண் வீட்டுக்கு எட்டினால் என்ன ஆகும் என்று உடுமலைப்பேட்டை சம்பவம் நடந்த இந்தப் பகுதிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரை 2016இல் பட்டப்பகலில் பேருந்து நிலையத்துக்கு எதிரிலேயே வெட்டினார்கள்.

நான் பிறகு போட்ட விதி இதுதான். தெரிவிக்க வேண்டிய கடமை மேலே இருப்பவருக்கு மட்டும். அவரும் "இன்னாருடைய அப்ரைசலை நான் பார்க்க முடியாது, வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று எம்.டி.யிடம் ஒரு வரி எழுதினால் போதும், காரணம் எழுத வேண்டியதில்லை. சொந்தக்காரர், கடன் கொடுத்தவர், சம்பந்தி, எல்லாருக்கும் அதே ஒரு வரி. படிப்பவனுக்கு எது என்றே தெரியாது.

செப்டம்பர் 17

நெஸ்லேவில் சேர்மன் பால் புல்க்கேயும் சீக்கிரமே விலகுகிறாராம், அக்டோபர் 1 முதல் பாப்லோ இஸ்லா. அடுத்த வருடம் ஏப்ரலில் போக வேண்டியவர். விவகாரம் மேலே இருப்பவரையும் எப்படி அரிக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை. கேள்வி கேட்டவரைக் காணோம்.

செப்டம்பர் 19

வந்துவிட்டார். வந்து ஒரு குண்டைப் போட்டிருக்கிறார். மேலே படிக்காதவர்களுக்காக: அந்த வைஸ் பிரசிடென்ட் இவருடைய சொந்தத் தங்கை கணவராம். தங்கை கம்பெனியில் டைரக்டர். அதோடு நிற்கவில்லை, ஐசி தலைவரும் அந்தத் தங்கைதானாம்!

ஏங்க, இதை முதல் நாளே சொல்ல வேண்டாமா? சேல்ஸ் ஹெட், சேல்ஸ் ஹெட் என்று யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றி எழுதுவதுபோல் எழுதினீர்களே. அந்தப் பெண் புகார் கொடுக்க வேண்டுமென்றால் அவருடைய மனைவியிடமே போய்க் கொடுக்க வேண்டும்.

நான் 7ஆம் தேதி எழுதியதில் இப்போது ஒன்று மாறுகிறது. அவள் காகிதங்கள் "உங்களிடமோ வேறொரு சீனியரிடமோ" வரட்டும் என்றேன். உங்களிடம் வேண்டாம். நீங்கள் இதில் முதலாளி மட்டும் இல்லை, அண்ணன். தங்கை குடும்பம் கலையக் கூடாது என்றுதான் உங்கள் மனசு ஓடும், ஓடாவிட்டால்தான் அதிசயம், அந்த ஓட்டத்தில் முதலில் அடிபடப் போகிறவள் யாரென்று உங்களுக்கே தெரியும். சென்னைக்கு மாற்றும் யோசனை எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது புரிகிறது.

குடும்பத்துக்காக ஒருமுறைகூட ஆஜராகாத தொழிலாளர் சட்ட வக்கீல் ஒருவரைப் பிடியுங்கள். அவரிடம் விசாரணையைக் கொடுத்து, அவர் எழுதுவதை போர்டில் வைப்பதாக முன்கூட்டியே மினிட்ஸில் ஏற்றுங்கள். உங்கள் ஆடிட்டரை உட்காரவைக்காதீர்கள். நம் பக்கத்துக் கம்பெனிகளில் ஆடிட்டர்தான் சொத்துப் பிரிவினையிலிருந்து பெண் பார்ப்பது வரை எல்லாவற்றுக்கும், தெரியும், ஆனாலும் வேண்டாம். ஐசியை இந்த வாரமே மாற்றி அமையுங்கள். முதலாளி மேலேயே புகார் என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போக அந்தப் பெண்ணுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்தக் குழுவின் விவரத்தையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அவள் பெயரை எங்கும் போட வேண்டாம், எல்லோருக்குமான நோட்டீஸாக இருக்கட்டும்.

தங்கையிடம் சொல்வதா? எனக்கு இதில் உறுதியான பதில் இல்லை. எம்.டி.யாகச் சொல்லக் கூடாது. விசாரணையில் தெரிந்ததை வீட்டுக்குக் கொண்டுபோனால் நாளைக்கு இரண்டு பேருமே உங்கள் மேல் பாயலாம். அண்ணனாகச் சொல்லாமல் இருக்க முடியுமா என்பது வேறு. அவரே சொல்லட்டும், ஒரு வாரம் கெடு என்று கணவரிடம் சொல்லிப் பாருங்கள்.

செப்டம்பர் 20

அந்த ஒரு வாரக் கெடு மிரட்டல் மாதிரி இல்லையா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். யோசித்தால் அப்படித்தான் ஆகிறது. பதவியை வைத்துக்கொண்டு வீட்டு விஷயத்துக்குக் கெடு வைப்பது எம்.டி. வேலை இல்லை. கெடுவை எடுத்துவிடுங்கள். விசாரணையில் என்ன எழுதப்படும் என்பதை மட்டும் அவருக்கு முன்பே தெரியப்படுத்துங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 8

கேட்டவர் தனிச்செய்தியில் சொன்னதை அவர் அனுமதியோடு சுருக்கமாக: தங்கை கணவர் எழுத்தில் ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் தன் விருப்பம்தான் என்று வக்கீலிடம் சொன்னாள், புகார் இல்லை, இப்போது விலகிவிட்டதாகவும் சொன்னாள். டீலர் டிஸ்கவுண்டில் இரண்டு இடத்தில் ஓட்டை இருந்தது. அதைச் செய்தது வேறொரு ஏரியா மேனேஜர், ஒப்புதல் இவருடையது. நான் சொன்ன பர்ச்சேஸ்காரனின் உறவினன் போலிருக்கிறது! போர்டு இவரை வைஸ் பிரசிடென்ட் பதவியிலிருந்து இறக்கியிருக்கிறது, பங்கு அப்படியே இருக்கிறது. எனக்கு இது குறைவு என்றுதான் படுகிறது. ஆள் வெளியாளாக இருந்திருந்தால் போயிருப்பார் என்று ஆலையில் எல்லோரும் பேசத்தான் செய்வார்கள், பேசினால் நீங்கள் கோபப்பட முடியாது.

அவருடைய கிராஜுவிட்டியை (பணிக்கொடை) பிடித்து வைக்கலாமா என்று இடையில் ஒருவர். குற்றமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துப் பிடிக்கப் போனால் வழக்கை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறீர்கள். டிஸ்கவுண்ட் நஷ்டம் கணக்கில் வந்தால் அதைத் தனியாகப் பாருங்கள்.

கடைசியாக அவர் கேட்டது: இரண்டு வருடம் இவர் கையெழுத்தில் அந்தப் பெண்ணுக்கு ஏறிய இன்கிரிமென்ட்டைக் குறைக்கலாமா? குறைக்க வேண்டாம். அவளுடைய டீலர் வசூல், புது ஆர்டர் எல்லாம் காகிதத்தில் இருக்கிறது, சம்பந்தமில்லாத ஒருவரை வைத்து மறுபடி மதிப்பிடச் சொல்லுங்கள். அவர் போடும் மார்க் பழையதைவிடக் கூட வந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள்.